ஆவடி மாணவிகள் பேசியபோது நடந்தது

2022 மார்ச் மாதம் ஆவடியைச் சேர்ந்த நரிக்குறவர் சமூக மாணவிகள் மூவர் பேசிய காணொளி தமிழ்நாடு முழுக்கப் பரவியது. பள்ளியிலும் வெளியிலும் தங்களை ஒதுக்கி வைக்கிறார்கள், குடியிருப்பில் அடிப்படை வசதி இல்லை, இருந்தாலும் படிப்பை விடமாட்டோம் என்பதுதான் அவர்கள் சொன்னதன் சாரம். முதல்வர் மு.க.ஸ்டாலின் அவர்களைத் தலைமைச் செயலகத்துக்கு வரவழைத்துச் சந்தித்தார். ஏப்ரல் 15 அன்று அவரே ஆவடிக்கு வந்து அந்தச் சமூகத்தினருக்கு வீட்டுமனைப் பட்டாவும் சாதிச் சான்றிதழும் வழங்கினார். மாணவி ஒருவரின் வீட்டில் உட்கார்ந்து சாப்பிட்டார்.

அதே ஆண்டு டிசம்பரில் நரிக்குறவர்களைப் பழங்குடியினர் பட்டியலில் சேர்க்கும் மசோதா நாடாளுமன்றத்தில் நிறைவேறியது. இது அந்த மூவரின் பேச்சால் மட்டும் நடந்துவிடவில்லை. பழங்குடியினர் பட்டியலைத் திருத்துவது பற்றி ஆராய்ந்த லோகூர் குழு 1965-லேயே பரிந்துரைத்த விஷயம் அது. பல தலைமுறைகள் மனுவோடு அலைந்திருக்கின்றன. ஆனால், காகிதத்தில் கிடந்த கோரிக்கைக்கு முகம் கொடுத்தவர்கள் இந்தப் பிள்ளைகள்.

அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி பக்கம் மாணவர்களின் பேச்சைக் கேட்டும் திருத்தியும் வருகிற எனக்கு, மேடை ஏறத் துடிக்கும் பிள்ளைகளிடம் சொல்ல இதைவிட நல்ல உதாரணம் கிடைக்கவில்லை. அவர்கள் பேச்சில் அடுக்குமொழி இல்லை. தங்களுக்கு நேர்ந்ததைத் தங்கள் வார்த்தையில் சொன்னார்கள்.

தெருவிலிருந்து தலைப்பு

தமிழகப் பள்ளிகளில் பேச்சுப்போட்டிக்குக் குறைவே இல்லை. காந்தி, நேரு, அம்பேத்கர், பெரியார், அண்ணா பிறந்தநாள்களையொட்டித் தமிழ் வளர்ச்சித் துறை மாவட்ட அளவில் போட்டி நடத்துகிறது. முதல் பரிசு 5,000 ரூபாய். மேடைக் கூச்சம் போவதற்கும் தமிழ் நாவில் படிவதற்கும் இந்தப் போட்டிகள் பெரிய உதவி. ஆனால், அங்கே தலைப்பைத் தருபவர் வேறு ஒருவர். பெரும்பாலும் உரையை எழுதித் தருபவரும் வேறு ஒருவர். ‘நீர்வளம் காப்போம்’ என்று முழங்கும் மாணவிக்குத் தன் வீட்டுக்குப் பின்னால் இருக்கும் கொரட்டூர் ஏரியில் கழிவுநீர் எந்தப் பக்கமாகச் சேர்கிறது என்று தெரியாமலே பரிசு கிடைத்துவிடலாம்.

சமூகப் பிரச்சினையைப் பேச வேண்டுமானால் தலைப்பு தெருவிலிருந்து வர வேண்டும். திருவண்ணாமலை வினிஷா உமாசங்கர் அப்படித்தான் தொடங்கினார். தெருவில் இஸ்திரி போடுபவர் எரித்துக் கொட்டிய கரியைப் பார்த்து யோசித்தவர், சூரிய ஒளியில் இயங்கும் இஸ்திரி வண்டியை வடிவமைத்தார். 2020-ல் ஸ்வீடனின் குழந்தைகளுக்கான பருவநிலைப் பரிசு கிடைத்தது. 2021 நவம்பர் 2 அன்று கிளாஸ்கோ பருவநிலை மாநாட்டில் உலகத் தலைவர்கள் முன்னால் பேசினார். பேச்சைக் கேட்டுக் கைதட்டுவதோடு நிற்காமல் செயலில் இறங்குங்கள் என்று அவர் கேட்டபோது அதற்கு எடை இருந்தது. அவர் கையில் ஏற்கெனவே ஒரு வண்டி இருந்ததே!

யாரைக் கேட்கிறோம்?

‘அரசு நடவடிக்கை எடுக்க வேண்டும்’ என்று முடியும் பேச்சுக்கு யாரும் பதில் சொல்ல வேண்டியதில்லை. ஆகவே, எந்த அலுவலகம் என்று முதலிலேயே தேடிக் கண்டுபிடிக்கச் சொல்கிறேன். அம்பத்தூர் 2011 முதல் சென்னை மாநகராட்சியில் இருக்கிறது. ஆவடி 2019-ல் தனி மாநகராட்சி ஆனது. பூந்தமல்லி நகராட்சி. குப்பைக்கு உள்ளாட்சி, பெரிய ஏரிகளுக்கு நீர்வளத் துறை, அம்பத்தூரில் பாதாளச் சாக்கடைக்குக் குடிநீர் வாரியம். இந்தத் தேடலிலேயே பாதிப் பேச்சு தயாராகிவிடும்.

அடுத்தது, கோரிக்கை ஒன்றே ஒன்றாக இருக்கட்டும். ‘பள்ளி வாசலில் வேகத்தடை வேண்டும்’ என்றால் சபைக்குப் புரியும், நினைவிலும் நிற்கும். பத்துப் பிரச்சினைகளை அடுக்கினால் எதுவும் தங்காது.

பழகும் முறை

முழு உரையையும் மனப்பாடம் செய்ய வேண்டாம். ஒரு வரி மறந்தால் மொத்தமும் சரியும். முதல் இரண்டு வாக்கியங்களும் கடைசிக் கோரிக்கையும் மனதில் இருந்தால் போதும். நடுவே சொல்ல வேண்டியவற்றைச் சின்னச் சீட்டில் குறிப்பாக எழுதிக்கொள்ளலாம். ‘அவைத் தலைவர் அவர்களே, நடுவர் அவர்களே’ என்ற நீண்ட வணக்கத்தை ஒரே வரியில் முடித்துவிட்டால் நேரம் மிச்சம். உரையும் நீளமாக இருக்கத் தேவையில்லை. 1992-ல் ரியோ புவி உச்சி மாநாட்டில் கனடாவின் 12 வயதுச் சிறுமி செவெர்ன் சுசுகி பேசியது சில நிமிடங்கள்தான். இன்றும் அதைத் தேடிப் பார்க்கிறார்கள்.

வீட்டில் பாட்டியிடமோ பக்கத்து வீட்டு அக்காவிடமோ பேசிக் காட்டுங்கள். அவர்கள் இடைமறித்துக் கேட்கும் கேள்விதான் உரையில் விட்டுப்போன இடம். எண் ஏதாவது சொன்னால், அது எங்கிருந்து வந்தது என்று கேட்பவருக்குப் பதில் சொல்லத் தெரிந்திருக்க வேண்டும்.

பெரியவர்கள் செய்ய வேண்டியது

பிள்ளையின் பேச்சு காணொளியாகப் போனால் பாராட்டோடு வசையும் வரும். பெற்றோர் சம்மதம் இல்லாமல் பதிவேற்றக் கூடாது. பள்ளியின் பெயர், வீட்டு முகவரி, சீருடை அடையாளம் வெளியே தெரியத் தேவையில்லை. கருத்துப் பகுதியைப் பிள்ளைக்கு முன்னால் பெரியவர்கள் படிக்கட்டும். தன் வீட்டுத் துயரத்தைச் சொல்லும்படி எந்தக் குழந்தையையும் வற்புறுத்தாதீர்கள். எதைச் சொல்லலாம், எதை வைத்துக்கொள்ளலாம் என்பது அந்தப் பிள்ளையின் முடிவு.

பேச்சு முடிந்ததும் அதே கோரிக்கையை ஒரு பக்க மனுவாக எழுதிக் கொடுக்க வேண்டும். ஆவடி, பூந்தமல்லிப் பிள்ளைகள் பெற்றோரோடு திங்கட்கிழமை திருவள்ளூர் ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் மக்கள் குறைதீர்க்கும் நாளுக்குப் போகலாம். பூந்தமல்லியைச் சுற்றியுள்ள ஊராட்சிகளில் கிராம சபை ஆண்டுக்கு ஆறு முறை கூடுகிறது. அங்கே உறுப்பினர்கள் வாக்காளர்கள்தான் என்பதால், அம்மாவோ அப்பாவோ மனுவைக் கையில் ஏந்தட்டும்.

ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த இலக்கிய மன்றக் கூட்டத்தில் தலைப்புப் பட்டியலைக் கொடுக்காதீர்கள். ‘உன் தெருவில் எது மாற வேண்டும்?’ என்று கேளுங்கள். பிள்ளை பேசும்போது, பதில் சொல்லக் கடமைப்பட்ட வார்டு கவுன்சிலரை முதல் வரிசையில் உட்கார வையுங்கள்.