மரம் வளர்க்கும் கிராமமும் மரம் வாங்கும் கம்பெனியும்

தீக்குச்சி, காகிதம், ஒட்டுப்பலகை முதலியன செய்யும் கம்பெனியார், கன்றும் கடனுதவியும் தருவதாகச் சொல்லிக்கொண்டு ஒரு கிராமத்திற்கு வருவார்களாயின், அவர்களை வரவேற்பதா, திருப்பியனுப்புவதா என்னும் கேள்வி ஐக்கிய சங்கத்தின் நிர்வாகக் கமிட்டிக்கு முன் வந்தே தீரும். இதற்கு விடை காண, 1984-ஆம் ஆண்டில் நமது தேசத்தின் இருவேறு பாகங்களில் தொடங்கப்பெற்ற இரண்டு முயற்சிகளை அங்கத்தினர்கள் ஒப்பிட்டுப் பார்த்தல் பயன் தரும்.

முதலாவது வட இந்தியாவில் நடந்தது. விம்கோ என்னும் தீப்பெட்டிக் கம்பெனியார், உத்தரப் பிரதேசம், பஞ்சாப் முதலிய இடங்களில் பாப்ளார் மரத்தை விவசாயிகள் தங்கள் சொந்த நிலத்திலேயே பயிரிடும்படி ஒரு திட்டம் வகுத்தார்கள். நபார்டு வங்கியின் ஆதரவுடன் கடன் கிடைத்தது. கம்பெனியார் நல்ல ஜாதிக் கன்றுகளைக் கொடுத்து, வளர்க்கும் முறையையும் கற்பித்து, சுமார் எட்டு ஆண்டுகளில் முற்றும் மரத்தைத் தாமே வாங்கிக்கொள்வதாக வாக்களித்தார்கள். பாப்ளார் குளிர்காலத்தில் இலையுதிர்ப்பது. ஆதலால் அதன் நிழல் கோதுமையை அவ்வளவாகக் கெடுப்பதில்லை. தொடக்கத்து வருஷங்களில் மரங்களுக்கிடையே கரும்பும் பயிராயிற்று. மரம் முற்றும்வரை குடியானவன் வருமானமின்றிக் காத்திருக்க நேரவில்லை. காலக்கிரமத்தில் ஹரியானாவிலுள்ள யமுனாநகரில் ஒட்டுப்பலகை ஆலைகள் பெருகவே, ஒரு கம்பெனியையே நம்பியிராமல் அதிக விலை தருவோருக்கு விற்கவும் வழி பிறந்தது. நிலமும் மரமும் விவசாயியினுடையவை. ஆகவே இது சாத்தியமாயிற்று. ஆயினும், பலரும் ஒருங்கே நட்டு ஒருங்கே வெட்டியதனால், 2000-த்தை அடுத்த சில ஆண்டுகளில் விலை வெகுவாக வீழ்ந்தது. நிலமுள்ளவர்க்கே உரிய திட்டம் இது என்பதையும் மறத்தலாகாது.

இரண்டாவது கர்நாடகத்தில் நடந்தது. ரேயான் நூலுக்கு வேண்டிய மரக்கூழ் செய்துவந்த ஹரிஹர் பாலிபைபர்ஸ் ஆலையாரும் ராஜ்ய சர்க்காரும் கூடி, கர்நாடக பல்ப்வுட் லிமிடெட் என்னும் கூட்டுக் கம்பெனியை நிறுவினார்கள். தார்வார், உத்தர கன்னடம், ஷிமோகா, சிக்மகளூர் ஜில்லாக்களில் சுமார் 75,000 ஏக்கர் பொதுநிலம், யூகலிப்டஸ் போன்ற கூழ்மரங்களைப் பயிரிட அதற்கென ஒதுக்கப்பட்டது. சர்க்கார் கணக்கில் அது 'சி', 'டி' வகுப்பு நிலம். சுற்றுப்புறத்து ஊராருக்கோ அதுவே மேய்ச்சலும் விறகும் தருவது. யூகலிப்டஸ் இலையை ஆடுமாடு தின்னாது. 1987 நவம்பர் 14 அன்று, அக்காலத்தில் தார்வார் ஜில்லாவைச் சேர்ந்திருந்த குசனூரில் ஜனங்கள் திரண்டு, யூகலிப்டஸ் கன்றுகள் சிலவற்றைப் பிடுங்கிவிட்டு, தமக்குப் பயன்படும் கன்றுகளை அவ்விடத்தில் நட்டார்கள். 'பிடுங்கு, நடு' என்பதே அந்தச் சத்தியாக்கிரகத்தின் பெயர். மரம் நடுவோரை எதிர்த்து மரம் நட்டவர்கள் இவர்கள்! எஸ். ஆர். ஹிரேமத் முதலியோரின் சமாஜ பரிவர்த்தன சமுதாயம் இதில் முன்னின்றது. வழக்கு சுப்ரீம் கோர்ட்டு வரை சென்றது. 1991-ல் அந்தக் கம்பெனி மூடப்பட்டது.

ஆகவே, எந்த நிலத்தில் நடுவது என்பதைச் சங்கத்தார் முதலில் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும். பட்டா நிலமாயின், குறைந்தபட்ச விலை, எடை போடும் இடம், வெட்டுகூலி, வண்டிச்சத்தம் ஆகியவற்றை உடன்படிக்கையில் எழுதுவதோடு, பிறருக்கு விற்கும் உரிமையையும் கைவிடாதிருத்தல் அவசியம். கடன் தவணை வெட்டுக்குப் பின் வருமாறு அமைதல் வேண்டும். அங்கத்தினர் யாவரும் ஒரே வருஷத்தில் நடாமல் ஆண்டுதோறும் ஒரு பகுதியாக நட்டு வந்தால், விலை வீழ்ச்சி எல்லாரையும் ஒருசேரத் தாக்காது.

பொதுநிலத்தின் விஷயம் வேறு. 2006-ஆம் வருஷத்து வன உரிமைச் சட்டத்தின்படி, வனவாசிகளின் கிராமசபைக்குத் தன் சமுதாய வனத்தைக் காத்து நிர்வகிக்கும் உரிமையுண்டு. கம்பெனியார் பொருளுதவியும் இக்காலத்தில் கிடைக்கக்கூடியதே. 2013-ஆம் வருஷத்துக் கம்பெனிச் சட்டம், பெரிய கம்பெனிகள் மூன்று வருஷத்துச் சராசரி நிகர இலாபத்தில் 100-க்கு 2 வீதம் பொதுநலப் பணிகளுக்குச் செலவிட வேண்டும் என்கிறது. மரம் வளர்ப்பும் அவற்றுள் அடங்கும். நடவு விழாவிற்குப் பணம் எளிதில் வரும். மூன்று கோடைக்குத் தண்ணீருக்கும் காவற்காரன் சம்பளத்திற்கும் கேட்டுத்தான் பெற வேண்டும். மூன்றாம் ஆண்டு முடிவில் உயிரோடிருக்கும் மரத்திற்கு இவ்வளவு என ஒரு பகுதியை எழுதிக்கொள்வதும் நலம். எந்தப் பகுதி எந்த வருஷம் மேய்ச்சலுக்குத் திறக்கப்படும் என்பதை, ஆடு வளர்ப்போரையும் விறகு பொறுக்குவோரையும் பொதுக்கூட்டத்தில் வைத்துக்கொண்டே தீர்மானித்து, கன்று வந்திறங்குமுன் தீர்மானப் புத்தகத்தில் பதிய வேண்டும்.