தூர் வாருதல் வேறு, மதகு மாற்றுதல் வேறு

கால்வாயில் தூர் வாருவது வேறு, மதகையே இடித்துக் கட்டுவது வேறு என்பதைக் கன்னடியன் கால்வாய் உழவர் நன்கறிவர். வீட்டுக் கணினிக்கும் இது பொருந்தும். பிழை நீக்கும் பாதுகாப்புத் திருத்தம் தூர் வாருதல் போன்றது. விண்டோஸின் புதிய பதிப்புக்கு மாறுவது மதகு மாற்றுவது போன்றது.

2015 ஜூலை முதல் ஓராண்டு, விண்டோஸ் 7, 8.1 கணினிகளில் விண்டோஸ் 10-க்கு மாறுமாறு அறிவிப்பு அடிக்கடி தோன்றிற்று. 2016-இல் பெருக்கல் குறியை அழுத்தி அதை மூடியவர்க்கும் மாற்றம் நடந்தேறியதுண்டு. வெகுண்ட சிலர் திருத்தங்கள் அனைத்தையுமே நிறுத்திவிட்டனர். அது தவறு. 2017 மே மாதம் வானாக்ரை என்னும் தீநிரல் சுமார் 150 நாடுகளில் கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்டது. அதைத் தடுக்கும் திருத்தமோ மார்ச்சிலேயே வெளிவந்திருந்தது!

ஆதலின், விண்டோஸ் 11-க்கு அழைப்பு வரின் முழுதும் படிப்போம், வேண்டாவிடில் மறுப்புப் பொத்தானையே அழுத்துவோம், திருத்தங்களை நிறுத்தோம். விண்டோஸ் 10-க்குரிய பொது ஆதரவு 14-10-2025 அன்று முடிந்தமையால், நெடுநாள் தள்ளிப்போடுதலும் நன்றன்று. பட்டா நகல், சான்றிதழ், கணக்கு முதலியவற்றை வேறிடத்தில் படியெடுத்து வைத்து, நமக்கு இசைந்த நாளில் மாறுவோமாக.