அமைச்சரவை அறிவித்த விலை யார் கைக்கு வருகிறது?

டெல்லியில் அமைச்சரவை கூடி முடிவெடுத்த அன்று மாலையே செய்தி ஊருக்கு வந்துவிடுகிறது. அந்த முடிவால் உண்டாகும் பலன் வயலுக்கு வந்து சேர்வதுதான் தாமதமாகிறது, சில சமயம் வராமலே போகிறது. இந்த இதழுக்கு வந்த கேள்விகள் எல்லாமே அந்த இடைவெளியைப் பற்றியவை.

நெல்லுக்குக் குவிண்டாலுக்கு 2,369 ரூபாய் என்று மத்திய அமைச்சரவை அறிவித்ததைப் பேப்பரில் படித்தேன். எங்கள் ஊர் வியாபாரி அதைவிடக் குறைவாகத்தான் கேட்கிறார். அரசு வைத்த விலைக்குக் கீழே வாங்குவது குற்றம் இல்லையா? யாரிடம் புகார் கொடுப்பது?
— மன்னார்குடி பகுதி வாசகர்

குற்றம் இல்லை. புகார் கொடுத்தாலும் எந்தப் பிரிவில் வழக்குப் போடுவது என்று காவல் நிலையத்தில் யாருக்கும் தெரியாது, ஏனென்றால் அப்படி ஒரு பிரிவே கிடையாது. குறைந்தபட்ச ஆதரவு விலை என்பது “இந்த விலைக்கு நாங்கள் வாங்கிக்கொள்கிறோம்” என்று அரசு தன் தரப்பில் சொல்லும் உறுதி. அது அரசின் கொள்முதலுக்கு மட்டும்தான் பொருந்தும். களத்துமேட்டுக்கு லாரி கொண்டுவரும் தனியார் வியாபாரியை அது கட்டுப்படுத்தாது.

இந்த விலை எப்படி முடிவாகிறது என்று பார்த்தால் விஷயம் விளங்கும். 1965-ல் தொடங்கப்பட்டு, இன்று வேளாண் செலவு மற்றும் விலை ஆணையம் என்ற பெயரில் இயங்கும் அமைப்பு ஒவ்வொரு பருவத்துக்கும் முன்பு பரிந்துரை தருகிறது. பிரதமர் தலைமையிலான பொருளாதார விவகாரங்களுக்கான அமைச்சரவைக் குழு அதைப் பரிசீலித்து ஒப்புதல் அளிக்கிறது. 22 பயிர்களுக்கு இப்படி விலை அறிவிக்கப்படுகிறது. ஆணையத்துக்கும் தனிச் சட்டம் இல்லை, அது பரிந்துரைக்கும் விலைக்கும் சட்டப் பாதுகாப்பு இல்லை. அரை நூற்றாண்டுக்கு மேலாக நிர்வாக முடிவாகவே இது ஓடிக்கொண்டிருக்கிறது.

2025 மே 28 அன்று சாதாரண ரக நெல்லுக்கு 2,369 ரூபாய் என்று அறிவித்தபோது, குவிண்டாலுக்கான உற்பத்திச் செலவு 1,579 ரூபாய் என்று அரசு சொன்னது. அதன் ஒன்றரை மடங்குதான் 2,369. கணக்கு சரி. ஆனால், எந்தச் செலவின் ஒன்றரை மடங்கு? விதை, உரம், கூலி, டீசல், கொடுத்த குத்தகை என்று கையிலிருந்து போன பணமும், குடும்பத்தார் வயலில் பட்ட பாட்டுக்கு மதிப்பிட்ட கூலியும் சேர்ந்தது அந்தச் செலவு. சொந்த நிலத்துக்கான வாடகை மதிப்பும், போட்ட முதலுக்கான வட்டியும் அதில் சேராது. எம்.எஸ்.சுவாமிநாதன் தலைமையிலான தேசிய விவசாயிகள் ஆணையம், உற்பத்திச் செலவுக்கு மேல் குறைந்தது 50 சதவீதம் வைத்து விலை தர வேண்டும் என்று பரிந்துரைத்தது. நில வாடகையும் வட்டியும் சேர்ந்த முழுச் செலவின்மேல்தான் அந்த 50 சதவீதம் வர வேண்டும் என்று விவசாயச் சங்கங்கள் கேட்டுவருகின்றன. அதோடு, 1,579 என்பது நாடு முழுவதற்குமான சராசரி. நாற்று நடவுக்கு ஆள் கிடைக்காமல் கூடுதல் கூலி கொடுக்கும் டெல்டா விவசாயிக்கும் அதே எண்தான்.

இந்த விலையாவது எத்தனை பேருக்குக் கிடைக்கிறது? இந்திய உணவுக் கழகத்தைச் சீரமைக்க அமைக்கப்பட்ட சாந்த குமார் குழு 2015-ல் கொடுத்த அறிக்கையில், அரசுக் கொள்முதல் அமைப்புகளிடம் விற்றுப் பயன்பெறுவோர் விவசாயிகளில் 6 சதவீதம் பேர்தான் என்று சொன்னது.

இதோடு கரும்பை ஒப்பிட்டுப் பாருங்கள். அதற்கும் அமைச்சரவைதான் விலை வைக்கிறது. 2025-26 பருவத்துக்கு, 10.25 சதவீதச் சர்க்கரைக் கட்டுமானத்துக்குக் குவிண்டாலுக்கு 355 ரூபாய். ஆனால் கரும்பு விலைக்குப் பின்னால் 1966-ம் ஆண்டின் கரும்புக் கட்டுப்பாட்டு ஆணை நிற்கிறது. ஆலை 14 நாளில் பணம் தர வேண்டும், தவறினால் ஆண்டுக்கு 15 சதவீத வட்டியும் சேர்த்துத் தர வேண்டும் என்கிறது அது. அப்படியும் பல ஆலைகள் பாக்கி வைத்தன என்பது கரும்பு விவசாயிகளுக்கு நன்றாகவே தெரியும். ஆனாலும், பாக்கிக்காக நீதிமன்றம் போகும் கரும்பு விவசாயியின் கையில் ஒரு சட்டம் இருக்கிறது. நெல் விவசாயியின் கையில் செய்திக் குறிப்பு மட்டும்தான் இருக்கிறது. ஆதரவு விலைக்குச் சட்டப் பாதுகாப்பு கேட்டு நடக்கும் போராட்டங்கள் நியாயமானவை என்பதே இந்தப் பகுதியின் கருத்து.

அப்படியென்றால் அரசுக் கொள்முதல் நிலையத்துக்கே கொண்டுபோகலாம் என்று போனால், ஈரம் ஈரம் என்று திருப்பி அனுப்புகிறார்கள். மழை பெய்கிற மாதத்தில் நெல் காய்ந்து எப்படி இருக்கும்?
— கும்பகோணம் பகுதி வாசகர்

நியாயமான கோபம். முதலில் விலைக் கணக்கு: 2025 செப்டம்பர் 1 முதல் தமிழ்நாடு அரசு, மத்திய விலையோடு சாதாரண ரகத்துக்கு 131 ரூபாயும் சன்ன ரகத்துக்கு 156 ரூபாயும் ஊக்கத்தொகையாகச் சேர்த்துத் தருகிறது. ஆக, சாதாரண ரகம் 2,500 ரூபாய், சன்ன ரகம் 2,545 ரூபாய். நிலையத்தில் 40 கிலோ மூட்டையாக எடை போடுவதால், மூட்டைக்கு 1,000 ரூபாய், 1,018 ரூபாய் என்று வரும். 2021 சட்டமன்றத் தேர்தல் அறிக்கையில் தி.மு.க. சொன்ன 2,500 இதுதான். அந்தத் தேர்தல் நடந்தபோது மத்திய விலை 1,868 ரூபாயாக இருந்தது. அன்றைக்கு 2,500 என்றால் 632 ரூபாய் கூடுதல். 2025-ல் 131 ரூபாய் கூடுதல்.

இனி ஈரம். நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் எழுத்தர் குவியலில் கை விட்டு அடியிலிருந்து ஒரு பிடி நெல்லை அள்ளுவார். மேலாக இருக்கும் நெல் காய்ந்திருக்கும், அடியில் இருப்பதுதான் உண்மையைச் சொல்லும். அதை ஈரப்பதக் கருவியில் போட்டு மூடினால் எண் தெரியும். 17 சதவீதத்துக்குள் இருந்தால் தூற்றி, எடை போட்டு, சாக்கில் பிடித்துவிடலாம். 19, 20 என்று காட்டினால் திரும்பவும் தார்ச்சாலை ஓரத்தில் கொட்டிக் கிளற வேண்டியதுதான். அக்டோபரில் வடகிழக்குப் பருவமழை இறங்கிவிட்டால், பகலில் பரப்புவதும் மேகம் கறுத்ததும் குவித்துத் தார்ப்பாய் மூடுவதுமாகவே குறுவை அறுத்தவர்களின் நாட்கள் போகும். மூடிய குவியலுக்குள் சூடேறி நெல் முளைத்துவிட்டால் அதோடு எல்லாம் போயிற்று.

அந்த 17 சதவீதம் மாநில அரசு வைத்த எல்லை இல்லை. தமிழ்நாடு நுகர்பொருள் வாணிபக் கழகம் 2002 முதல் பரவலாக்கப்பட்ட கொள்முதல் முறையில் மத்தியத் தொகுப்புக்காக நெல் வாங்குகிறது. அதற்கான தர அளவுகள் டெல்லியில் முடிவாகின்றன. அதனால்தான் மழை வந்தால் தளர்வு கேட்டு மாநில அரசு கடிதம் எழுதுகிறது, மத்தியக் குழு வந்து மாதிரி எடுத்துப் போகிறது, அதற்குள் நெல் கருத்துவிடுகிறது. 2025 அக்டோபரில்கூட 22 சதவீதம் வரை அனுமதி கேட்டுத் தமிழ்நாடு கோரிக்கை வைத்தது.

மறுதரப்பின் கணக்கையும் சொல்ல வேண்டும். 22 சதவீத ஈரமுள்ள 100 கிலோ நெல், 17 சதவீதத்துக்குக் காயும்போது சுமார் 94 கிலோவாகிவிடும். அந்த 6 கிலோ இழப்பை யார் ஏற்பது என்பதுதான் டெல்லிக்கும் சென்னைக்கும் இடையே நடக்கும் பேச்சின் சாரம். இழப்பு உண்மைதான். ஆனால் வானத்திலிருந்து வந்த ஈரத்தின் முழுப் பாரத்தையும் நட்டு வளர்த்தவர் தலையில் மட்டும் வைப்பது சரியில்லை. ஒவ்வோர் ஆண்டும் அக்டோபரில் மழை வரும் என்பது அரசுக்குத் தெரியாத சேதி இல்லை. நிலையங்களுக்கு உலர்த்தும் இயந்திரங்களையும், போதுமான சாக்கையும், உடனுக்குடன் மூட்டைகளை ஏற்றிப்போக லாரிகளையும் ஜூலையிலேயே ஏற்பாடு செய்தால் பாதிச் சிக்கல் தீரும்.

அமைச்சரவை ஒப்புதல் என்றால் அன்றே சட்டம்தானே?
— விருதுநகர் மாணவி

இல்லை. மூன்று வேளாண் சட்டங்களின் கதையே இதற்கு நல்ல பாடம். 2020 ஜூன் 3 அன்று அமைச்சரவை ஒப்புதல் தந்தது. ஜூன் 5 அன்று அவசரச் சட்டங்கள் வந்தன. செப்டம்பரில் நாடாளுமன்றம் நிறைவேற்றியது, 27-ம் தேதி குடியரசுத் தலைவர் கையெழுத்திட்டார். 2021 ஜனவரி 12 அன்று உச்ச நீதிமன்றம் அவற்றை நிறுத்திவைத்தது. நவம்பர் 19 அன்று, திரும்பப் பெறுவதாகப் பிரதமர் தொலைக்காட்சியில் அறிவித்தார்.

அறிவித்த அன்றே, அந்தச் சட்டங்களை எதிர்த்து டெல்லி எல்லையில் போராடிக்கொண்டிருந்த விவசாயிகள் கூடாரங்களைப் பிரித்துவிடவில்லை. நாடாளுமன்றம் இயற்றியதை நாடாளுமன்றம்தான் நீக்க முடியும் என்று அவர்களுக்குத் தெரியும். நவம்பர் 24-ல் அமைச்சரவை, 29-ல் இரு அவைகள், 30-ல் குடியரசுத் தலைவர் ஒப்புதல் என்று எல்லாம் முடிந்த பிறகே, டிசம்பர் 11-ல் ஊர் திரும்பத் தொடங்கினார்கள்.

டெல்டா பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலம் என்கிறார்கள். ஆனால் எங்கள் பக்கத்து வயலில் கொடி நட்டு மனை விற்கிறார்கள். இதற்குத் தடை இல்லையா?
— தஞ்சாவூர் வாசகர்

2020 பிப்ரவரி 9 அன்று தலைவாசலில் அன்றைய முதல்வர் எடப்பாடி பழனிசாமி இந்த மண்டலத்தை அறிவித்தார். 19-ம் தேதி அமைச்சரவை ஒப்புதல், 20-ம் தேதி சட்டமன்றத்தில் மசோதா நிறைவேற்றம். இவ்வளவு வேகமாக வந்த சட்டத்தைப் படிக்கும்போது, அதன் பின்னால் இருக்கும் அட்டவணையைத்தான் முதலில் படிக்க வேண்டும்.

துத்தநாகம், தாமிரம், அலுமினிய உருக்காலைகள், இரும்புத் தாது மற்றும் எஃகு ஆலைகள், தோல் பதனிடுதல், கப்பல் உடைத்தல், எண்ணெய், இயற்கை எரிவாயு, நிலக்கரிப் படுகை மீத்தேன், ஷேல் எரிவாயு எடுத்தல் ஆகியவை புதிதாக வரக்கூடாது என்கிறது அட்டவணை. சட்டத்துக்கு முன்பே நடந்துகொண்டிருந்த திட்டங்களுக்கு விலக்கு உண்டு. துறைமுகம், குழாய்ப்பாதை, சாலை, மின்சாரம் போன்றவற்றுக்கும் விலக்கு உண்டு. மனைப்பிரிவு அந்தத் தடைப் பட்டியலில் இல்லை.

நன்செயை மனையாக்குவதைக் கட்டுப்படுத்துவது நகர் ஊரமைப்புச் சட்டம். திட்டப் பகுதிக்கு வெளியே உள்ள விளைநிலத்தை வேறு பயனுக்கு மாற்ற, அதன் 47-ஏ பிரிவின்படி முன் அனுமதி வாங்க வேண்டும். நன்செய் என்றால் மாவட்ட ஆட்சியரின் இசைவும் தேவை. ஆகவே ஆட்சேபம் இருந்தால் வேளாண் மண்டலச் சட்டத்தைக் காட்டி மனு எழுதுவதைவிட, அந்த மனைப்பிரிவுக்கு ஆட்சியர் இசைவும் நகர் ஊரமைப்பு இயக்ககத்தின் ஒப்புதலும் இருக்கின்றனவா என்று தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்பது பலன் தரும். வாய்க்காலை அடைத்து மண் கொட்டியிருந்தால் அதையும் சேர்த்து எழுதுங்கள். தலைமடையில் ஒரு மனைப்பிரிவு வந்தால் கடைமடையில் பல வயல்கள் வறண்டுபோகின்றன.

அதற்காக அந்தச் சட்டம் வெறும் காகிதம் என்றும் சொல்லிவிட முடியாது. 2023-ல் நிலக்கரி ஏலப் பட்டியலில் வடசேரி, மைக்கேல்பட்டி, சேத்தியாத்தோப்பு கிழக்குப் பகுதிகள் இடம்பெற்றன. ஏப்ரல் 4 அன்று முதல்வர் மு.க.ஸ்டாலின் இந்தச் சட்டத்தைச் சுட்டிக்காட்டிப் பிரதமருக்கு எழுதினார். ஏப்ரல் 8 அன்று அந்த மூன்றும் ஏலத்திலிருந்து நீக்கப்படுவதாக மத்திய அமைச்சர் பிரகலாத் ஜோஷி அறிவித்தார். அதே ஆண்டு அக்டோபரில் மயிலாடுதுறை மாவட்டத்தின் பெயர் சட்டத் திருத்தம் மூலம் முறையாகச் சேர்க்கப்பட்டது. மனை வணிகத்தையும் ஒரு திருத்தத்தால் கட்டுப்படுத்த முடியும். அதற்கு அமைச்சரவை மனம் வைக்க வேண்டும்.

கோயில் நிலத்தில் மூன்று தலைமுறையாகக் குத்தகைச் சாகுபடி. பி.எம்.கிசான் 6,000 ரூபாய் எங்களுக்கு மட்டும் ஏன் வரவில்லை?
— திருவாரூர் மாவட்ட வாசகர்

2019-ல் தொடங்கிய அந்தத் திட்டம் முதலில் 2 ஹெக்டேர் வரை நிலம் உள்ளவர்களுக்கு மட்டும் என்று இருந்தது. அதே ஆண்டு மே 31 அன்று புதிய அமைச்சரவையின் முதல் கூட்டம் அந்த உச்சவரம்பை நீக்கியது. பெரிய நிலக்காரர்களில் பலர் இப்படி உள்ளே வந்தார்கள். நிலம் தன் பெயரில் இருக்க வேண்டும் என்ற நிபந்தனை மட்டும் அப்படியே நின்றது. உங்கள் நிலத்தின் பட்டா கோயில் பெயரில் இருப்பதால் நீங்கள் கணக்கிலேயே வரவில்லை. சேற்றில் இறங்குபவரை விட்டுவிட்டுப் பட்டாவைப் பார்த்துப் பணம் தருவது இத்திட்டத்தின் பெரிய குறை. ஒடிஷா அரசு 2018 இறுதியில் கொண்டுவந்த காலியா திட்டம் குத்தகைதாரர்களையும் நிலமற்றவர்களையும் சேர்த்துக்கொண்டது. ஆக, வழி இல்லாமல் இல்லை.

இப்போதைக்குச் செய்யக்கூடியவை இரண்டு. 1969-ம் ஆண்டின் குத்தகை உரிமைப் பதிவுச் சட்டப்படி உங்கள் பெயர் பதிவேட்டில் இருக்கிறதா என்று வட்டாட்சியர் அலுவலகத்தில் பாருங்கள். இறந்துபோன தாத்தாவின் பெயரிலேயே பதிவு நின்றிருந்தால், வாரிசுச் சான்றோடு மாற்ற மனு கொடுங்கள். அடுத்து, அடங்கலில் சாகுபடி செய்பவர் என்ற இடத்தில் உங்கள் பெயரைக் கிராம நிர்வாக அலுவலரிடம் கேட்டுப் பருவந்தோறும் எழுத வையுங்கள். அவர் தரும் சாகுபடிச் சான்று இருந்தால்தான் கொள்முதல் நிலையத்தில் நெல்லை உங்கள் பெயரில் பதிந்து, பணத்தை உங்கள் வங்கிக் கணக்கிலேயே வாங்க முடியும்.