அடாப்டர் ஏன் 'டிக் டிக்' என்றது?

காலை வழிபாட்டுக் கூட்டத்தில் நாங்கள் பயன்படுத்தும் ஒலிபெருக்கிப் பெட்டி ஒரு திங்கட்கிழமை பேச மறுத்தது. அடாப்டரை மின்சாரத்தில் செருகினால், நொடிக்கு ஒருமுறை 'டிக்... டிக்...' என்று மெல்லிய சத்தம். பச்சை விளக்கும் அதே தாளத்தில் மினுக்கி அணைந்தது. "அடாப்டர் போயிடுச்சு" என்று தீர்ப்புச் சொல்லி, இருப்புப் பதிவேட்டில் 'பழுது' என்று எழுதியும் விட்டேன்.

ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தி கேட்டாள்: "சார், பெட்டியில இருந்து பின்னை உருவிட்டுப் பாக்கலாமா?"

உருவினோம். சத்தம் நின்றது. விளக்கு நிலையாக எரிந்தது. மல்டிமீட்டர் 12 வோல்ட் காட்டியது. பெட்டியைத் திறந்தால், செருகுவாயின் பின்புறம் இரண்டு ஒயர்கள் ஒட்டிக்கொண்டிருந்தன. குறுக்குச்சுற்று பெட்டியில், நான் குற்றம் சாட்டியதோ அடாப்டரை.

இருபது ஆண்டுகளாக உருகு இழை பாடம் நடத்துகிறேன். ஆனால் அந்த 'டிக்' சத்தத்துக்கு விளக்கம் சொல்ல நான் மறுபடி படிக்க வேண்டியிருந்தது. படித்ததை வகுப்புக்கு ஏற்றபடி இங்கே தருகிறேன்.

இவ்வகை அடாப்டர்களில் மின்னழுத்தத்தைக் கட்டுப்படுத்த ஒரு சில்லு உண்டு. பல ஆண்டுகளாகப் பரவலாக இருப்பது யூசி3842. அடாப்டரைச் செருகியதும் ஒரு மின்தடை வழியாகச் சிறிய மின்தேக்கி மெல்ல மின்னேற்றம் பெறும். அதன் மின்னழுத்தம் சுமார் 16 வோல்ட்டை எட்டினால்தான் சில்லு வேலையைத் தொடங்கும். தொடங்கியபின் மின்மாற்றியின் தனிச்சுருள் ஒன்று சில்லுக்கு மின்சாரம் தரும். வெளியே குறுக்குச்சுற்று இருந்தால் அச்சுருளின் மின்னழுத்தமும் சரிந்துவிடும். 10 வோல்ட்டுக்குக் கீழே போனதும் சில்லு நின்றுவிடும். மின்தேக்கி மறுபடி மெல்ல ஏறும், சில்லு மறுபடி முயலும், மறுபடி நிற்கும். நாங்கள் கேட்ட 'டிக்' ஒவ்வொன்றும் இப்படி ஒரு முயற்சிதான். ஒவ்வொரு முறையும் மின்சாரம் கணநேரமே பாய்வதால் எதுவும் கருகவில்லை.

தொடங்க 16, நிற்க 10. ஏன் இரண்டு அளவுகள்? மேல்நிலைத் தொட்டியின் தானியங்கி மோட்டாரைக் கேட்டாலே மாணவர்கள் சொல்லிவிடுகிறார்கள். தொட்டி நிரம்பியதும் நிற்கும் மோட்டார், ஒரு குவளைத் தண்ணீர் எடுத்தவுடன் ஓடினால் என்ன ஆகும்? தண்ணீர் நன்றாக இறங்கிய பிறகுதான் ஓட வேண்டும். இங்கும் அப்படியே. ஒரே அளவு வைத்தால், தொடங்கிய கணமே மின்தேக்கி சற்று இறங்க, சில்லு நின்றுபோகும்.

இதே சில்லில் ஓம் விதிக்கு நல்ல கணக்கும் இருக்கிறது. மின்னோட்டம் செல்லும் வழியில் ஒரு சிறிய மின்தடையை வைத்து, அதன் குறுக்கே 1 வோல்ட் வந்ததும் சில்லு அந்தத் துடிப்பை வெட்டிவிடும். 2 ஆம்பியரில் வெட்ட எவ்வளவு மின்தடை? அரை ஓம். 4 ஆம்பியர் என்றால்? பத்தாம் வகுப்பில் இதைத் தேர்வு வினாவாகவே கொடுத்தேன்.

ஆனால் அடாப்டரை வகுப்பில் திறந்து காட்ட வேண்டாம். 230 வோல்ட்டின் உச்சம் சுமார் 325 வோல்ட். உள்ளிருக்கும் பெரிய மின்தேக்கி, பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அதைச் சற்று நேரம் வைத்திருக்கக்கூடும். செய்துகாட்ட 7805 என்ற மூன்று கால் சீராக்கி போதும். 12 வோல்ட், 1 ஆம்பியர் அடாப்டரை உள்ளீட்டில் இணையுங்கள். வெளியீட்டில் 10 ஓம், 5 வாட் மின்தடை. 0.5 ஆம்பியர் ஓடும். சில்லில் வீணாகும் திறன் 7 × 0.5, அதாவது 3.5 வாட். வெப்பம் கடத்தும் தகடு இல்லாவிட்டால் மீட்டரில் 5 வோல்ட் சிறிது நேரமே நிற்கும், பிறகு சரியும். சில்லைத் தொட விடாதீர்கள், தோல் வெந்துவிடும். ஆறியபின், உள்ளங்கை அளவு அலுமினியத் தகட்டைத் திருகி மீண்டும் ஓட்டினால் 5 வோல்ட் அப்படியே நிற்கும்.

தன் சூட்டை அது எப்படி அறிகிறது? டிரான்சிஸ்டரின் அடிவாய்க்கும் உமிழ்ப்பானுக்கும் இடையேயான மின்னழுத்தம் ஒரு டிகிரிக்குச் சுமார் 2 மில்லிவோல்ட் குறையும். அதுவே வெப்பமானி. இந்தப் பாதுகாப்பைச் சில்லுக்குள்ளேயே வைத்த எல்எம்109-ஐ அமெரிக்காவின் நேஷனல் செமிகண்டக்டரில் ராபர்ட் விட்லர் 1960களின் இறுதியில் வடிவமைத்தார்.

கணினி அறையிலும் இதன் உறவினர் உண்டு. கணினியின் மின்வழங்கி, எல்லா மின்னழுத்தங்களும் சரியான பிறகு 100 முதல் 500 மில்லிநொடி பொறுத்து 'மின்சாரம் சரி' என்று தனிக்கம்பியில் சைகை தரும். அதுவரை செயலி தொடங்காது.

"சில்லே எல்லாம் பாத்துக்கும்னா ஃபியூஸ் எதுக்கு சார்?" இதைக் கேட்டதும் அதே மாணவிதான். சில்லின் கட்டளைப்படி திறந்து மூடும் டிரான்சிஸ்டரே உள்ளுக்குள் ஒட்டிக்கொண்டால், சில்லு 'நிறுத்து' என்றாலும் மின்சாரம் நிற்காது. அப்போது எஞ்சுவது நுழைவாயிலில் இருக்கும் அந்த உருகு இழை மட்டுமே. வீட்டில் ஃபியூஸ் கட்டையில் தடித்த கம்பியைச் சுற்றுகிற பழக்கத்தைப் பற்றி அன்று மீதி வகுப்பு முழுவதும் பேசினோம். ஆறு கைகள் உயர்ந்தன.

மறுநாள் பதிவேட்டில் 'பழுது' என்பதை அடித்து, தலைமையாசிரியரிடம் சுருக்கொப்பம் வாங்கினேன்.