கடைக் கணக்கும் பழைய மடிக்கணனியும்

கண்டி கொழும்பு வீதியிலோ, கட்டுகஸ்தோட்டையிலோ, அக்குறணையிலோ கடை வைத்திருப்பவரா நீங்கள்? 2000களில் எழுதுவித்த கணக்கு மென்பொருளை இன்னும் பாவிக்கிறீர்களா? அப்படியானால் இப்பாடம் உங்களுக்கே. கடையின் பழைய கணனி என்றாவது ஒரு நாள் நின்றுவிடும். யாரிடம் எவ்வளவு நிலுவை என்ற விபரம் அதற்குள் இருக்கும். அந்த மென்பொருளோ வின்டோஸ் எக்ஸ்பீயில் மட்டுமே இயங்கும்.

அவசரத்தில் ஒரு பாவித்த மடிக்கணனியை வாங்கி எக்ஸ்பீயை ஏற்றுகிறோம். எழுத்துகள் பெருத்துத் தெரிகின்றன. பற்றுச்சீட்டுப் பக்கம் திரைக்குள் அடங்குவதில்லை. வை-ஃபையும் இல்லை. மடிக்கணனி பழுது என்று எண்ண வேண்டாம். குறைவது டிரைவர் எனும் சிறு மென்பொருள்தான். லொறி எவ்வளவு நல்லதாயினும் சாரதி இல்லாமல் ஓடாதல்லவா? எக்ஸ்பீ வெளிவந்தது 2001இல். அதன் பின் வந்த வன்பொருள்களை அது தானாக அறியாது.

முதலாவது, வாங்குமுன் பாருங்கள். இன்டெல் கோர் மூன்றாம் தலைமுறையின் (2012) கிராபிக்ஸ் வரை எக்ஸ்பீ டிரைவர் உண்டு. 2013இல் வந்த நான்காம் தலைமுறைக்கு இல்லை.

இரண்டாவது, ஒழுங்கு முக்கியம். எக்ஸ்பீயை ஏற்றும்போது நீலத் திரை வந்து நின்றால், பயோஸில் வன்தட்டு அமைப்பை ஏஎச்சிஐ-யிலிருந்து ஐடிஇ-க்கு மாற்றுங்கள். பிறகு சேர்விஸ் பேக் 3, அடுத்து சிப்செட் டிரைவர், அதன் பின் கிராபிக்ஸ், கடைசியாக வை-ஃபை.

மூன்றாவது, சரியான டிரைவரைக் கண்டுபிடித்தல். டிவைஸ் மனேஜரில் மஞ்சள் அடையாளமுள்ள வரியைத் திறந்து, டீடெய்ல்ஸ் பகுதியைப் பாருங்கள். அங்குள்ள முதற் குறியீடு உற்பத்தியாளரையும் (8086 என்றால் இன்டெல், 1002 என்றால் ஏஎம்டி), இரண்டாவது குறியீடு மாதிரியையும் காட்டும். வேறொரு கணனியில் உற்பத்தியாளரின் தளத்திலிருந்தே டிரைவரை இறக்கி, பென்ட்ரைவில் கொண்டு வாருங்கள். கிடைத்ததை இறுவட்டிலும் எழுதி வையுங்கள். பழைய டிரைவர்கள் தளங்களில் என்றும் இருக்கும் என்று நம்ப முடியாது.

இப்போது வை-ஃபை. சேர்விஸ் பேக் 3 இருந்தால் டபிள்யூபிஏ2 கடவுச்சொல் உள்ள இணைப்பில் சேரலாம். ஆனால் சேர வேண்டுமா? எக்ஸ்பீக்கான பாதுகாப்புத் திருத்தங்கள் 2014 ஏப்ரல் 8இல் நின்றுவிட்டன. 2017 மே மாதம், கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்ட வனாக்ரை உலகெங்கும் பரவியது. அப்போது ஆதரவு முடிந்திருந்தும் மைக்ரோசொப்ட் எக்ஸ்பீக்கு விசேட திருத்தம் வெளியிட நேர்ந்தது. அத்தகைய பூட்டு உங்கள் நிலுவைக் கணக்கில் விழுந்தால் யாரிடம் போய்க் கேட்பீர்கள்? ஆகவே திரையைச் சரிசெய்யுங்கள், வை-ஃபையை மூடியே வையுங்கள். வங்கி வேலைகளைக் கைத்தொலைபேசியில் செய்யுங்கள்.

இன்னொரு வழியும் உண்டு. புதிய மடிக்கணனியில் வேர்ச்சுவல்பொக்ஸ் என்ற இலவச மென்பொருளை நிறுவி, அதற்குள் எக்ஸ்பீயை ஓட்டலாம். இங்கே புதிய வன்பொருளுக்கு எக்ஸ்பீ டிரைவர் தேட வேண்டியதில்லை. உள்ளே ஓடும் எக்ஸ்பீக்கு வலையமைப்பைத் துண்டித்துவிடுங்கள்.

எந்த வழியானாலும் கடை மூடுமுன் கணக்கின் பிரதியொன்றை பென்ட்ரைவில் எடுத்து வீட்டுக்குக் கொண்டு செல்லுங்கள். மடிக்கணனியை மீண்டும் வாங்கலாம், கடன் கொப்பியை வாங்க முடியாது.