கிரைண்டருக்கு முன்னாடி கால்குலேட்டர்: ஒரு சாப்பர் பாடம்

இந்த இதழ்ல நாம படிக்கப்போறது சாப்பர் பைக். முன்சக்கரம் எங்கேயோ தள்ளி நிற்கும், ஹேண்டில்பார் தோள் உயரத்துக்கு ஏறியிருக்கும், ஓட்டுறவர் சாய்வு நாற்காலியில உட்கார்ந்த மாதிரி இருப்பார். அந்த வண்டிதான்.

குற்றாலத்துல சாரல் விழ ஆரம்பிச்சா விதவிதமான பைக் எல்லாம் தென்காசி வழியா வரும். அதைப் பார்த்துட்டு "நம்ம புல்லட்டையும் வெட்டிடலாமா?"ன்னு கேட்கிற ஜூனியர்ஸ் நிறைய பேர். ஆசைப்படுறதுல தப்பே இல்லை. ஆனா ஃபிரேமை ஒரு தடவை வெட்டிட்டா, அது பழைய ஃபிரேம் ஆகாது. அதனால கிரைண்டரை எடுக்கும் முன்னாடி ரெண்டு அளவு உங்களுக்குத் தெரிஞ்சிருக்கணும்: ரேக், ட்ரெயில்.

எங்கிருந்து வந்தது?

ரெண்டாம் உலகப் போர் முடிஞ்ச காலத்துல, அமெரிக்க இளைஞர்கள் கனமான பைக்குகள்ல மட்கார்டு மாதிரியான பாகங்களைக் கழற்றி, குறைச்சு, எடையைக் குறைச்சாங்க. அது பாபர். அடுத்த கட்டமா ஃபிரேமோட கழுத்தையே வெட்டி, கோணத்தை மாத்தி, நீளமான ஃபோர்க் போட்டாங்க. அது சாப்பர். 1969-ல் வந்த 'ஈஸி ரைடர்' படம் அதை உலகம் முழுக்கக் கொண்டுபோச்சு. அந்தப் படத்து வண்டிகள் உருவானதுக்குப் பின்னால இருந்தவங்க கிளிஃப் வாஸ், பென் ஹார்டி என்ற ரெண்டு கறுப்பினக் கலைஞர்கள். படத்துல அவங்க பெயர் வரலை. பல வருஷம் கழிச்சுத்தான் உலகம் தெரிஞ்சுக்கிட்டது. இதை ஞாபகம் வச்சுக்கோங்க, கடைசியில தேவைப்படும்.

நம்ம நாட்டுல இந்த வேலைக்கு அதிகம் கைகொடுத்தது புல்லட். 1955-ல் மெட்ராஸ் மோட்டார்ஸும் இங்கிலாந்து நிறுவனமும் சேர்ந்து என்ஃபீல்டு இந்தியாவைத் தொடங்க, திருவொற்றியூர்ல தொழிற்சாலை வந்தது. பிற்காலத்துல மும்பைப் பக்கம் வர்டென்சி, ஜெய்ப்பூர்ல ராஜ்புதானா கஸ்டம்ஸ் மாதிரியான பட்டறைகள் கஸ்டம் பைக்குக்காகவே பெயர் வாங்கின.

ரேக், ட்ரெயில்

ஹேண்டில் எந்த அச்சுல திரும்புதோ, அந்த அச்சு செங்குத்துக் கோட்டிலிருந்து எத்தனை டிகிரி சாய்ஞ்சிருக்கு? அதுதான் ரேக். அந்த அச்சை நேரா தரை வரைக்கும் நீட்டுங்க. அது தரையைத் தொடுற இடத்துக்கும், டயர் தரையைத் தொடுற இடத்துக்கும் உள்ள தூரம் ட்ரெயில். சூப்பர் மார்க்கெட் தள்ளுவண்டிச் சக்கரம் தானா நேராகுது இல்லையா? பைக் நேரா ஓட உதவுறதும் அதே தத்துவம்தான்.

சூத்திரம் இது:

ட்ரெயில் = (சக்கர ஆரம் × சைன் ரேக் − ஆஃப்செட்) ÷ காஸ் ரேக்

ஆஃப்செட்னா, திரும்புற அச்சுக்கும் சக்கரத்தோட மையத்துக்கும் உள்ள செங்குத்துத் தூரம்.

ஒரு உதாரணம் போடுவோம். ஆரம் 320 மி.மீ., ஆஃப்செட் 50 மி.மீ., ரேக் 27 டிகிரி. விடை சுமார் 107 மி.மீ. சாதாரண ரோடு பைக்குகள்ல 90 முதல் 120 வரை இருக்கும், அதனால இது ஓகே. இப்ப கழுத்தை மட்டும் வெட்டி ரேக்கை 40 டிகிரி ஆக்குங்க. விடை 203 மி.மீ. கோணம் கூடினது 13 டிகிரிதான், ட்ரெயில் கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு!

இன்னொரு கணக்கும் இருக்கு. ஹேண்டிலைத் திருப்பும்போது வண்டியோட முன்பக்கம் கொஞ்சம் கீழே இறங்கும். அதனால மெதுவா போகும்போது சக்கரம் தானாவே ஒரு பக்கம் சரியப் பார்க்கும். இதுக்கு வீல் ஃப்ளாப்னு பேர். ட்ரெயில் × சைன் ரேக் × காஸ் ரேக். முதல் வண்டிக்கு 43, ரெண்டாவதுக்கு 100.

நம்ம ரோட்டுல இதுக்கு என்ன அர்த்தம்?

நேரான, அகலமான நெடுஞ்சாலையில வேகமா போக, ட்ரெயில் அதிகமான வண்டி சுகமா இருக்கும். ஆனா நீங்க ஓட்டப்போறது எங்கே? சீசன் ஞாயிற்றுக்கிழமை மெயின் அருவி ரோட்டுல, ஈரத்துண்டோட நடக்கிற குடும்பங்களுக்கு நடுவுல, முதல் கியர்ல. இல்லைன்னா செங்கோட்டை தாண்டி, புளியரை எஸ் வளைவுல, மழையில, எதிர்ல லோடு லாரி வரும்போது. ரெண்டு இடத்துலயும் வேகம் கம்மி, திருப்பம் அதிகம். ஃப்ளாப் அதிகமான வண்டி சரியா அங்கேதான் கையை விட்டு இழுக்கும்.

இதுக்குத் தீர்வு இருக்கு. 40 டிகிரி ரேக் வச்சுக்கிட்டே ட்ரெயிலை 120-க்குக் கொண்டுவரணும்னா, ஆஃப்செட்டை 50-லிருந்து சுமார் 114 ஆக்கணும். அதாவது ஃபோர்க் குழாய் ரெண்டையும் பிடிச்சிருக்கிற மேல், கீழ் பிளேட்டுகளைப் புதுசா டிசைன் பண்ணி மெஷின் பண்ணணும். வெறும் கழுத்தை வெட்டி ஒட்டுறதோட வேலை முடியாதுன்னு இப்ப புரியுதா?

உங்க வண்டியில அளந்து பாருங்க. ஒருத்தர் மேல உட்காரட்டும், இன்னொருத்தர் வண்டியை நிமிர்த்திப் பிடிக்கட்டும். போன்ல இருக்கிற லெவல் ஆப்பை, திரும்புற அச்சுக்கு இணையா வச்சா ரேக் கிடைச்சிடும். முன் ஆக்ஸில்லேருந்து கொத்தனார் தூக்குக்குண்டைத் தொங்கவிட்டுத் தரையில புள்ளி வையுங்க. அச்சோட நேர்க்கோட்டுல ஒரு நீளக் கம்பியைப் பிடிச்சு இன்னொரு புள்ளி. நடுவுல ஸ்கேல். அவ்வளவுதான்.

வெல்டிங்

பழைய புல்லட்டோட ஃபிரேம் அடியில திறந்திருக்கும். இன்ஜின்தான் அந்த இடைவெளியை இணைக்குது. இன்ஜினை இறக்கிட்டு, ஜிக் இல்லாம கழுத்தை வெட்டினா, குழாய்கள் சூட்டுல இழுத்துக்கும், ரெண்டு சக்கரமும் ஒரே கோட்டுல நிற்காது. அதோட, ஃபோர்க் நீளமாக நீளமாக, பிரேக் பிடிக்கும்போது கழுத்துக்கு வர்ற வளைவு விசையும் கூடும். நெம்புகோல் கணக்குதான். கேட், கிரில் அடிக்கிற அண்ணாச்சி அவர் வேலையில கில்லாடியா இருக்கலாம். ஆனா கேட் 80 கிலோமீட்டர் வேகத்துல பள்ளத்துல இறங்காது. உள்ளே வரைக்கும் உருகிச் சேர்ந்த வெல்டிங், மூலையில தாங்கு தகடு, அப்புறம் விரிசல் சோதனை, மூணும் வேணும்.

சட்டம்

மோட்டார் வாகனச் சட்டம் பிரிவு 52 படி, ஆர்.சி. புத்தகத்துல இருக்கிற விவரம் தயாரிப்பாளர் கொடுத்ததுக்கு மாறாகப் போகிற மாதிரி வண்டியை மாத்தக் கூடாது. 2019 ஜனவரியில, கேரளாவிலிருந்து போன ஒரு வழக்குல உச்ச நீதிமன்றமும் இதை உறுதிப்படுத்தியது. அதே வருஷம் வந்த திருத்தத்துல 182ஏ பிரிவு சேர்ந்தது: அனுமதி இல்லாம மாத்தினா ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், இல்லைன்னா ஆறு மாதம் வரை சிறை, இல்லைன்னா ரெண்டும். விபத்து நடந்தா இன்ஷூரன்ஸும் கைவிரிக்கலாம். அப்ப அடிபட்டவருக்குப் பணம் யார் கொடுப்பா? உங்க அப்பாதான்.

அப்ப என்ன செய்யலாம்?

ரெண்டு வழி. தினமும் ஓட்டுற வண்டின்னா ஃபிரேமைத் தொடாதீங்க. சீட்டு, பெயின்ட் மாதிரி வேலையோட நிறுத்துங்க. நிறம் மாறினா ஆர்.சி.யில பதிவு பண்ணுங்க. கழற்றின ஒரிஜினல் பாகம் எல்லாத்தையும் பத்திரமா வையுங்க.

முழு சாப்பர்தான் வேணும்னா அது ஷோ வண்டி. குட்டியானையில ஏத்திக் கொண்டுபோங்க, ரோட்டுல ஓட்டாதீங்க. காட்டுறதுக்கு இடம் இருக்கு. 2013-ல் கோவாவுல தொடங்கின இந்தியா பைக் வீக் ஒரு உதாரணம். நம்ம காலேஜ் சிம்போசியத்துலயே ஒரு ஸ்டால் போடலாம். பெயின்ட்டைப் பார்த்து எல்லாரும் கைதட்டுவாங்க. வேலை தெரிஞ்சவர் மட்டும் குனிஞ்சு கழுத்துப் பக்க வெல்டிங்கைப் பார்ப்பார். அவருக்காகக் கட்டுங்க.

வண்டி பக்கத்துல ஒரு போர்டு வையுங்க. ரேக், ட்ரெயில், வெல்டிங் முறை, எல்லாம் எழுதுங்க. கூடவே வெல்டிங் அடிச்ச அண்ணாச்சி பெயர், லேத் போட்டவர் பெயர், பெயின்ட் அடிச்ச தம்பி பெயர். பென் ஹார்டிக்குக் கிடைக்காம போனது அவங்களுக்காவது அன்னைக்கே கிடைக்கட்டும்.