கேமரா பார்த்தது, மணி அடிக்கவில்லை

எங்கள் நூற்பாலையின் மூன்றாம் குடோனில் தீப்பிடித்த பிறகு, அங்கே தீயும் புகையும் கண்டறியும் கேமராக்களைப் பொருத்திய நிறுவனம் ஓர் அறிக்கை கொடுத்தது. அதில் காரணம் என்று ஒன்றே ஒன்றைத்தான் எழுதியிருந்தார்கள்: லென்ஸில் பஞ்சுத் தூசி, மில் தரப்பில் பராமரிப்பு போதவில்லை. அந்த மில்லில் மின் பராமரிப்பு என் பொறுப்பு. எந்தக் கேமராவை எப்போது யார் துடைத்தார் என்று கையெழுத்தோடு பதிவேடு என்னிடம் இருக்கிறது. அன்றிரவு அதே கேமரா பதிவுசெய்த படமும் இருக்கிறது. பேலைச் சுற்றிய பட்டைகளை ஒவ்வொன்றாக எண்ணலாம், அவ்வளவு தெளிவு. தூசிமேல் பழியைப் போட்டுவிட்டு உண்மையான காரணத்தை விட்டுவிட்டார்கள். இதே மாதிரிக் கேமரா வைத்திருக்கும் மில்காரர்கள் அடுத்த பருத்தி வரத்துக்கு முன்னால் தங்கள் குடோனைச் சோதித்துப் பார்க்க வேண்டும் என்பதால் நடந்ததை முழுவதும் எழுதுகிறேன்.

வேடசந்தூர் பக்கத்து மில் குடோன் எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். தகரக் கூரை, முப்பதடிக்குக் குறையாத உயரம், மூன்று பக்கம் சுவர், ஒரு பக்கம் ஷட்டர். முன்பு எங்களிடம் பீம் டிடெக்டர்தான் இருந்தது. ஒரு சுவரிலிருந்து எதிர்ச் சுவருக்குப் போகும் கண்ணுக்குத் தெரியாத ஒளிக்கற்றையைப் புகை மறைத்தால் மணி அடிக்கும். சித்திரை வெயிலில் கூரைக்கு அடியில் சூடான காற்று தங்கிவிடும். கீழிருந்து எழுகிற மெல்லிய புகை பாதி வழியிலேயே ஆறி, அந்தச் சூட்டைத் தாண்ட முடியாமல் நடுவில் படுத்துவிடும். பேலில் பிடிக்கும் தீயோ எடுத்த எடுப்பில் கொழுந்துவிட்டு எரிவதில்லை. 170 கிலோ பஞ்சை அழுத்திக் கட்டிய பேலுக்குள், ஜின்னிங்கில் விழுந்த ஒரு பொறி நாள்கணக்கில் கனன்றுகொண்டே லாரியில் ஊர் ஊராகத் தாண்டி வந்து உங்கள் குடோனில் இறங்கும். கூரையை எட்டும் அளவுக்குப் புகை வரும்போது அரை வரிசை போயிருக்கும்.

கேமரா அப்படிக் காத்திருப்பதில்லை. புகை எழும் இடத்தையே பார்க்கிறது. படத்தின் எந்தப் பகுதி மங்குகிறது, பின்னால் இருக்கும் பொருள்களின் விளிம்பு கரைகிறதா, அந்த மங்கல் மேல்நோக்கி நகர்கிறதா, குறித்த விநாடிகளுக்கு நிலைக்கிறதா என்று கணக்குப் போட்டு அலாரம் கொடுக்கிறது. இதை வாங்கச் சொன்னவன் நான். செலவு அதிகம் என்று அப்போது முணுமுணுத்தவர்கள், தீக்குப் பிறகு கேமராவே வீண் என்று பேசினார்கள். வீண் இல்லை. வாங்கியது சரியான முடிவு என்றுதான் இன்றைக்கும் சொல்வேன். கோளாறு கேமராவில் இல்லை, அதற்குள் யாரோ போட்ட மாஸ்க்கில் இருந்தது.

மாஸ்க் என்றால், படத்தின் இந்தப் பகுதியை ஆராயாதே என்று மென்பொருளில் வரைந்து வைக்கும் கட்டம். படம் வழக்கம்போலத் திரையில் தெரியும், பதிவும் ஆகும். ஆனால் அந்தக் கட்டத்துக்குள் புகை வந்தாலும் அலாரம் வராது. சீசனில் லாரிகள் ராத்திரியில் வந்து சேரும். ஷட்டரைத் தூக்கியதும் ஹெட்லைட் உள்ளே அடிக்கும், சைலன்சர் புகை சுருண்டு வரும், மணி அடிக்கும். லோடுமேன்கள் வேலையை விட்டுவிட்டு வெளியே ஓடுவார்கள். இரண்டு மூன்று ராத்திரி இப்படி ஆனதும் குடோன் பொறுப்பாளர் நேராக ஏஎம்சி (ஆண்டுப் பராமரிப்பு ஒப்பந்த) டெக்னீஷியனைக் கூப்பிட்டுச் சொல்லிவிட்டார். அவர் வந்து லேப்டாப்பைத் திறந்து மாஸ்க் போட்டுவிட்டுப் போய்விட்டார். நான் அப்போது புளோரூமில் மோட்டார் வேலையில் இருந்தேன். என்னிடம் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. சர்வீஸ் ரிப்போர்ட்டில் இருந்தது இவ்வளவுதான்: "ஃபால்ஸ் அலாரம் சரிசெய்யப்பட்டது."

அந்தக் கட்டத்தைப் பிறகு நான் திரையில் பார்த்தேன். ஷட்டரை மட்டும் மறைக்கச் சின்ன செவ்வகம் போதும். அவர் வரைந்தது ஷட்டரின் இடது தூணில் தொடங்கி, தரையில் நாங்கள் போட்டிருந்த மஞ்சள் கோட்டைத் தாண்டி, உள்ளே மூன்றாவது தூண்வரை போயிருந்தது. நாலு முனையில் நாலு கிளிக், வேலை முடிந்தது. லாரி வரும் நேரத்துக்கு மட்டும் அலாரத்தைத் தாமதப்படுத்தியிருக்கலாம். லாரியை வெளியே நிறுத்தி இன்ஜினை அணைக்கச் சொல்லியிருக்கலாம். இரண்டுக்கும் நாலு பேரிடம் பேச வேண்டும். மாஸ்க்குக்கு யாரிடமும் பேச வேண்டியதில்லை.

அப்போது ஷட்டர் பக்கம் காலி இடம். அதனால் ஒன்றும் தெரியவில்லை. அடுத்த ஐப்பசி மழையில் மேற்கு வரிசைக்கு மேலே கூரைத் தகடு ஒழுக ஆரம்பித்தது. புதிதாக வந்த லாட்டை நனையாமல் வைக்க வேண்டுமே என்று ஷட்டர் பக்கம் அடுக்கினார்கள். அடுக்கியவர்களுக்கு மாஸ்க் இருப்பது தெரியாது. மாஸ்க் போட்டவருக்கு அங்கே பேல் வந்தது தெரியாது. இரண்டும் தெரிந்திருக்க வேண்டிய பொறுப்பாளரோ மாஸ்க்கை மறந்தே போயிருந்தார்.

தீயைக் கண்டுபிடித்தது வாட்ச்மேனின் மூக்கு. "சார், மூணாம் குடோன்ல கருகல் வாடை அடிக்குது. மணி ஒண்ணும் அடிக்கலையே," என்று போனில் சொன்னார். நாங்கள் போய் ஷட்டரைத் தூக்கியபோது மேல் அடுக்கில் பேல்களுக்கு இடையிலிருந்து புகை கசிந்துகொண்டிருந்தது. தண்ணீரை மேலே அடித்தால் நிற்காது. உள்ளே கனல் அப்படியே இருக்கும். ஒவ்வொன்றாக வெளியே இழுத்து, பட்டையை வெட்டிப் பிரித்து நனைத்தோம். தீயணைப்பு வண்டி வந்த பிறகும் விடியும்வரை அந்த வேலை நடந்தது. எரிந்ததைவிட நனைந்து வீணானது அதிகம்.

மறுநாள் பதிவை ஓட்டினேன். வாட்ச்மேன் போன் செய்வதற்கு முக்கால் மணி நேரத்துக்கு முன்பே, மேலிருந்து இரண்டாவது பேலின் ஓரத்தில் நூல் மாதிரி ஒரு சாம்பல் கோடு எழுகிறது. கொஞ்ச நேரத்தில் அதற்குப் பின்னால் இருக்கும் ஷட்டரின் வரிகள் மங்குகின்றன. பிறகு அந்தப் புகை பக்கவாட்டில் சாய்ந்து ஷட்டரின் மேல் இடுக்கு வழியாக வெளியே போகிறது. தொடங்கியதிலிருந்து வெளியேறும்வரை அந்தக் கட்டத்துக்குள்ளேயே. கட்டத்தைத் தாண்டி மணியை அடிக்க வைக்கும் அளவுக்குப் புகை வரவே இல்லை.

தூசி என்று எழுதியவர்கள் முன்னால் இந்தப் பதிவையும், கேமராவின் மாற்றப் பதிவேட்டையும் வைத்தேன். மாஸ்க் போட்ட தேதியும் நேரமும் அதில் இருந்தன. யார் போட்டார் என்ற இடத்தில் மட்டும் 'அட்மின்' என்று இருந்தது, ஏனென்றால் எல்லாருக்கும் ஒரே பாஸ்வேர்டு. அதே நேரம் டெக்னீஷியன் வந்துபோனதற்கு எங்கள் கேட் நோட்டில் அவர் கையெழுத்து இருந்தது. அதற்குமேல் அவர்கள் பேசவில்லை. ஆனாலும் அறிக்கையைத் திருத்திக் கொடுக்க இன்றுவரை மனம் வரவில்லை.

அமெரிக்கத் தீ பாதுகாப்புச் சங்கத்தின் என்எஃப்பிஏ 72 விதிநூல் இந்த விஷயத்தில் தெளிவாக இருக்கிறது. வீடியோ முறையில் புகை கண்டறியும் அமைப்பின் கட்டுப்பாடுகளையும் மென்பொருளையும் அனுமதி இல்லாதவர்கள் மாற்ற முடியாதபடி பாதுகாக்க வேண்டும், எந்த அமைப்பை மாற்றினாலும் சோதிக்க வேண்டும் என்கிறது. எங்கள் மில்லில் இரண்டும் நடக்கவில்லை. மாஸ்க் போட்ட அன்றே ஷட்டர் பக்கம் கொஞ்சம் புகை விட்டுப் பார்த்திருந்தால் அப்போதே தெரிந்திருக்கும்.

ஆகவே முதலில் செய்ய வேண்டியது, ஒவ்வொரு கேமராவின் மாஸ்க்கும் தெரியும்படி ஸ்கிரீன்ஷாட் எடுத்து அச்சிட்டு, குடோன் பொறுப்பாளர் மேசைக்கு எதிரே ஒட்டுவது. பேலை எங்கே அடுக்கலாம் என்று முடிவெடுப்பவர் கண்ணில் அது தினமும் பட வேண்டும். நாங்கள் இன்னும் ஒரு படி போய், மாஸ்க் இருக்கும் இடத்தைத் தரையிலேயே சிவப்புப் பெயின்டால் கட்டம் போட்டுவிட்டோம். அதற்குள் பேல் வைக்கக் கூடாது. இடம் வீணாகிறது என்று ஸ்டோர்ஸில் இப்போதும் புலம்புகிறார்கள். புலம்பட்டும்.

அடுத்தது புகைச் சோதனை. எங்கள் டெக்னீஷியன் ஒவ்வொரு சர்வீஸிலும் செய்தது, போனில் லைவ் படத்தைப் பார்த்துவிட்டு, "படம் கிளியரா இருக்கு சார், எல்லாம் ஓகே" என்பதுதான். படம் தெரிந்தால் அது சிசிடிவி. புகை விட்டு, பேனலில் மணி அடித்தால்தான் தீ டிடெக்டர். மின்சாரத்தில் ஓடும் புகை இயந்திரம் வாடகைக்குக் கிடைக்கிறது. பஞ்சு குடோனுக்குள் துணியைக் கொளுத்திச் சோதிக்கும் ஆட்களை உள்ளேயே விடாதீர்கள். சோதனையைப் பகலில் எல்லா விளக்கும் எரியும்போது செய்து பயனில்லை. ராத்திரி, சிக்கனத்துக்காகப் பாதி விளக்கை அணைத்த பிறகு, கேமராவுக்கு மிகத் தொலைவான மூலையில் செய்ய வேண்டும். இயந்திரப் புகை அடர்த்தியாக ஒரே பாய்ச்சலில் வரும். பஞ்சு கனலும்போது வருகிற புகை மெல்லியது, மெதுவானது. ஐரோப்பியத் தரமான இஎன் 54-இல் இதற்கென்றே டிஎஃப் 3 என்று ஒரு சோதனைத் தீ இருக்கிறது: பஞ்சுத் திரிகளைத் தொங்கவிட்டுக் கொழுந்து இல்லாமல் கனலவிட்டுப் பார்ப்பது. அந்த அளவுக்கு நாம் போக வேண்டாம். புகை இயந்திரத்தை மிகக் குறைந்த அளவில் வைத்து, மணி அடிக்க எத்தனை விநாடி ஆகிறது என்று ஒவ்வொரு மூலைக்கும் குறித்து, போன தடவைக் கணக்கோடு ஒப்பிட்டால் போதும். நேரம் கூடிக்கொண்டே போனால் யாரோ அமைப்பில் கை வைத்திருக்கலாம், அல்லது வெளிச்சம் குறைந்திருக்கலாம்.

இப்படிச் சோதித்ததில் ஒன்று தெரிந்தது. பேல் மேல் சுற்றிய துணி வெள்ளை, சுவரில் அடித்த சுண்ணாம்பு வெள்ளை, புகையும் கிட்டத்தட்ட வெள்ளை. பின்னணி மங்குவதைப் பார்த்துத்தான் கேமரா புகையை அறிகிறது. வெள்ளைக்கு முன்னால் வெள்ளை வந்தால் எதை வைத்து அறியும்? எதிர்ச் சுவரில் அடுக்குக்கு மேலே கரும்பச்சைப் பட்டை அடிக்கச் சொன்னேன். குடோனுக்கு எதற்கு அலங்காரம் என்று கேட்டார்கள். அடித்த பிறகு அந்தப் பக்கம் மணி அடிக்கும் நேரம் குறைந்ததைக் காட்டியதும் மற்ற குடோன்களுக்கும் அனுமதி கொடுத்தார்கள்.

கேமராவின் லேன் வயரைப் பிடுங்கிப் பாருங்கள். ஃபயர் பேனலில் ஃபால்ட் வர வேண்டும். வராவிட்டால் கேமரா செத்துக் கிடந்தாலும் உங்களுக்குத் தெரியாது. பல இடங்களில் அலாரம் வயரை மட்டும் இணைத்துவிட்டு ஃபால்ட் வயரை விட்டுவிடுகிறார்கள். மெயினை அணைத்தும் பாருங்கள். பேனலுக்கு பேட்டரி இருக்கும். ஆனால் கேமராவுக்கு மின்சாரம் கொடுக்கும் நெட்வொர்க் சுவிட்ச் சாதாரண பிளக்கில் தொங்கிக்கொண்டிருக்கும்.

லென்ஸைத் துடைப்பதைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. உலர்ந்த துணியால் தேய்த்தால் கீறல் விழும், முதலில் பிரஷ்ஷால் தூசியைத் தட்டுங்கள். பிளாஸ்டிக் மூடியில் தின்னர் படக் கூடாது. இன்ஃப்ராரெட் விளக்குள்ள கேமராவில் சிலந்தி வலை கட்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ராத்திரி ஒளியில் ஆடும் வலையைப் புகை என்று எடுத்துக்கொண்டு மணி அடிக்கும், அதைக் காரணம் காட்டி யாராவது இன்னொரு மாஸ்க் போட வருவார்கள். ஏணியிலிருந்து இறங்குமுன், நிறுவிய அன்று எடுத்த படத்தோடு ஒப்பிட்டு, கேமரா கோணம் நகரவில்லை என்று உறுதிசெய்யுங்கள். மென்பொருளைப் புதுப்பித்தால் மாஸ்க் முதல் விநாடிக் கணக்குவரை எல்லாவற்றையும் பழைய அச்சோடு சரிபாருங்கள்.

ஏஎம்சியை வேறு நிறுவனத்துக்கு மாற்றிவிட்டோம். ஒப்பந்தத்தை நானே உட்கார்ந்து எழுதினேன். ஒவ்வொருவருக்கும் தனி லாகின், அட்மின் பாஸ்வேர்டு என் கையில் மட்டும். மாஸ்க், உணர்திறன், விநாடி எதை மாற்றினாலும் முன்பும் பின்பும் எடுத்த படம், காரணம், என் கையெழுத்து, அன்றே புகைச் சோதனை. சீசனுக்காகப் போட்ட எந்த மாற்றத்துக்கும் முடிவுத் தேதி உண்டு. புகை விட்டு மணி அடிக்கும் வீடியோ இல்லாத சர்வீஸ் பில்லுக்குப் பணம் கிடையாது. புதிய நிறுவனம் கடைசி நிபந்தனையை மட்டும் தளர்த்தச் சொல்லி இரண்டு முறை கடிதம் அனுப்பியது. தளர்த்த முடியாது என்று இரண்டுக்கும் பதில் போட்டேன். போன மாத பில்லோடு வீடியோ வந்திருக்கிறது.